பாடத் தெரியும், சொல்லத் தெரியவில்லையா? பள்ளி இசைப் பாடத்தின் அடிப்படைச் சொற்கள்

சரளி வரிசையை மூன்று காலத்திலும் பிசகாமல் பாடும் பிள்ளை, பள்ளி இசை வகுப்பில் ஒரு பாடலைக் கேட்கச் செய்து ‘இதன் டெம்போ என்ன, டெக்ஸ்ச்சர் என்ன’ என்று கேட்டால், ‘வேகமாக இருக்கிறது, இனிமையாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டு வருவதுண்டு. காது சரியாகவே கேட்டிருக்கும். கேட்டதைச் சொல்வதற்கான சொல்தான் கைவசம் இருந்திருக்காது. மதிப்பெண் போவது அங்கேதான்.

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று, இரண்டில் இசை எல்லாருக்கும் உள்ள பாடம். அதன்பின் சில பள்ளிகளில் விருப்பமுள்ளவர்கள் அதைத் தேர்வுப் பாடமாகவே எடுக்கலாம். இன்னும் ஆழமாகப் படிக்க நினைப்பவர்களுக்கு 1982ஆம் ஆண்டு முதல் இசை விருப்பப்பாடத் திட்டம் இருக்கிறது. எந்த நிலையில் படித்தாலும் வகுப்பறை மொழி ஆங்கிலம். ஆங்கிலத்துக்குள்ளே பாதி இத்தாலியம். மாலையில் கர்நாடக இசை வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சொற்களஞ்சியமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சில இடங்களில் அப்படியே பொருந்தும். சில இடங்களில் பொருந்துவதுபோலத் தோன்றி ஏமாற்றும். ஏமாற்றும் இடங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

‘ச’வும் ‘டோ’வும்

ஓர் ஒலி எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது ‘பிட்ச்’. நாம் சுரம், சுரத்தானம் என்று சொல்வதற்கு மிக நெருக்கமான சொல் இது. அறிவியல் கணக்கில் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே பிட்ச். இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் ‘ஏ’ சுரம் நொடிக்கு 440 அதிர்வுகள். அதையே இரட்டித்து 880 ஆக்கினால் அதே ‘ஏ’ அடுத்த ஸ்தாயியில் ஒலிக்கும். இந்த இடைவெளிதான் ‘ஆக்டேவ்’. மந்திரம், மத்தியம், தாரம் என்று நாம் சொல்லும் மூன்று ஸ்தாயிகளைப் பழைய தமிழ் மெலிவு, சமன், வலிவு என்றது.

ஏழு சுரங்களுக்கும் தமிழில் பெயர் உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. தேர்வுக்கு இவை வேண்டியதில்லைதான். ஆனாலும் ஏழாகப் பெயரிட்டு வரிசைப்படுத்தும் பழக்கம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது அல்ல என்று பிள்ளைக்குத் தெரிந்தால் பாடத்தின் மேல் உள்ள அந்நியம் கொஞ்சம் குறையும்.

மேற்கத்திய ‘டோ, ரே, மி’ வரிசை 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த துறவி கீடோ டி அரெட்ஸோவிடமிருந்து வந்தது. ஒரு துதிப்பாடலின் ஒவ்வோர் அடியும் எந்த அசையில் தொடங்கியதோ அதையே அவர் சுரத்துக்குப் பெயராக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் பெயர் அப்போது ‘உட்’. பிறகுதான் ‘டோ’ ஆனது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாரா குளோவர் கடைசிச் சுரத்தை ‘டி’ என்று மாற்றினார். ‘சோ’வும் ‘சி’யும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் சுருக்கி எழுதும்போது குழப்பம் வந்ததே காரணம். கையால் சைகை காட்டி டோ ரே மி பாடவைக்கிறார்களே, அந்தச் சைகைகள் ஜான் கர்வன் உருவாக்கியவை. ஹங்கேரியின் கோடாய் முறை அவற்றை உலகெங்கும் கொண்டுபோனது.

பள்ளியில் ‘டோ’ நகரக்கூடியது. பாட்டு எந்தச் சுரத்தில் நிலைகொள்கிறதோ அதுவே டோ. நம் ‘ச’வும் அப்படித்தான். ஆகவே டோ என்றால் ச என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, சரளி வரிசை. நம் பிள்ளைகள் முதன்முதலில் பாடப் பழகும் ராகம் மாயாமாளவகௌளை. அதில் ரிஷபமும் தைவதமும் சிறியவை. பியானோவில் ‘சி’யை ச என்று வைத்தால் ரி வந்து விழுவது ‘டி ஃப்ளாட்’ என்னும் கறுப்புக் கட்டையில். பள்ளியின் டோ ரே மியோ மேஜர் ஸ்கேல். நம் கணக்கில் சங்கராபரணம். அதில் ரியும் தவும் அரைப்படி மேலே இருக்கும். நான்கு ஆண்டு சரளி, ஜண்டை என்று பழகிய பிள்ளை ‘டோ, ரே’ என்று பாடும்போது குரல் தானாகவே சின்ன ரிஷபத்துக்குப் போய்விடும். ‘உனக்குச் சுருதி நிற்கவில்லை’ என்று யாராவது சொன்னால் பிள்ளை மனம் உடைந்துபோகும். உண்மையில் அது சுருதி விலகல் அல்ல, வேறொரு ராகம். இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் ஒரு வாரம் சங்கராபரணத்தில் ஏறி இறங்கிப் பழகினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, மைனர் ஸ்கேல். பல வகுப்புகளில் மைனர் ஸ்கேலை ‘லா’விலிருந்து தொடங்கிப் பாடுவார்கள்: லா, டி, டோ, ரே, மி, ஃபா, சோ, லா. நமக்கோ எந்த ராகமானாலும் வீடு ச தான். அதே சுரங்களை நாம் நடபைரவி என்று சொல்லி ச ரி க ம என்றே பாடுவோம். கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது புதிரல்ல. சங்கராபரணத்தின் தைவதத்தை ச என்று எண்ணிக்கொண்டால் வருவது நடபைரவி. ‘லா’விலிருந்து மைனர் பாடுவதும் அதேதான்.

கட்டை என்றால் என்ன, ‘கீ’ என்றால் என்ன

பாட்டு வாத்தியார் ‘உனக்கு அஞ்சு கட்டை’ என்பார். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு அது. ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு, ‘ஈ’ மூன்று, ‘எஃப்’ நான்கு, ‘ஜி’ ஐந்து, ‘ஏ’ ஆறு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை அளவிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரை அளவிலும் பாடுவது வழக்கம்.

பள்ளியில் ‘கீ’ என்று கேட்பது இதைவிடக் கொஞ்சம் கூடுதல். எந்தச் சுரம் வீடு என்பதோடு, மேஜரா மைனரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘கீ என்ன’ என்ற கேள்விக்கு ‘ஜி’ என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். ‘ஜி மேஜர்’ என்றால்தான் முழு விடை. கர்நாடக மொழியில் சொன்னால், ‘ஐந்து கட்டையில் சங்கராபரணம்’.

பாட்டை ஒரு கீயிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே தூக்கி வைப்பது ‘டிரான்ஸ்போஸ்’ செய்தல். இதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு நம் தேசிய கீதம். ஸுபிர் சைட் 1958ல் இயற்றிய ‘மாஜுலா சிங்கப்பூரா’ நெடுங்காலம் ஜி மேஜரில் இசைக்கப்பட்டது. எல்லாரும் சிரமமில்லாமல் பாட வேண்டும் என்பதற்காக 2001ல் ஃபூன் இயூ தியென் அமைத்த புதிய இசைக்கோப்பு எஃப் மேஜருக்கு இறங்கியது. ஐந்து கட்டையிலிருந்து நான்கு கட்டைக்கு. மெட்டு மாறவில்லை, சுரங்களுக்கு இடையிலான தூரம் மாறவில்லை, வீடு மட்டும் ஒரு படி கீழே வந்தது. ‘டிரான்ஸ்பொசிஷன்’ என்ற சொல்லைப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாட்டின் நடுவிலேயே வீடு மாறினால் அது ‘மாடுலேஷன்’. திரைப்பாடல்களிலும் பாப் பாடல்களிலும் கடைசிப் பல்லவி திடீரென்று ஒரு படி ஏறி ஒலிக்கும்போது உடல் சிலிர்க்குமே, அது இதுதான்.

இடைவெளியை எண்ணுவது

இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரம் ‘இன்டர்வல்’. எண்ணும்போது தொடங்கும் சுரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். ச, ரி, க, ம, ப என்று எண்ணினால் ச-விலிருந்து ப ‘ஃபிஃப்த்’, ம ‘ஃபோர்த்’. தம்புராவில் கேட்டுக் கேட்டு ஊறிய ச-ப இடைவெளிதான் அவர்களின் ‘பர்ஃபெக்ட் ஃபிஃப்த்’. காதால் இடைவெளி கண்டுபிடிக்கும் தேர்வில் தம்புராவோடு வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய வரம்.

மிகச் சிறிய இடைவெளி ‘செமிடோன்’, அரைப்படி. பியானோவில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்குள்ள தூரம், கறுப்பானாலும் வெள்ளையானாலும். ‘ஷார்ப்’ என்றால் அரைப்படி மேலே, ‘ஃப்ளாட்’ என்றால் அரைப்படி கீழே, ‘நேச்சுரல்’ என்றால் இரண்டையும் நீக்கு. மேஜர் ஸ்கேலின் படிகள் முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. இந்த ஏழு சொற்களை மனப்பாடமாக வைத்திருந்தால் எந்தச் சுரத்திலிருந்தும் மேஜர் ஸ்கேலைக் கட்டிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ராகத்தை ஸ்கேல் என்று எழுதக்கூடாது. ஸ்கேல் என்பது ஏறும் இறங்கும் சுரவரிசை. ராகத்தில் அதற்குமேல் கமகம், பிடிகள், எந்தச் சுரத்தில் நிற்கலாம் எதில் நிற்கக்கூடாது என்ற ஒழுங்கு எல்லாம் உண்டு. மோகனத்தின் ச ரி க ப த-வைத்தான் ‘மேஜர் பென்டடோனிக்’ என்கிறார்கள். சீன இசையிலும் இதே ஐந்து சுரங்கள் பரவலாக ஒலிக்கும். சுரங்கள் ஒன்றே. ஆனால் ஒரு சீன மெட்டைக் கேட்டு இது மோகன ராகம் என்று எழுதினால் தவறு. ‘பென்டடோனிக் ஸ்கேல்’ என்று எழுதினால் சரி.

தாளம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று

பேச்சுத் தமிழில் தாளம் என்ற சொல் எல்லா வேலையும் செய்கிறது. பள்ளிப் பாடத்தில் அது மூன்றாகப் பிரியும். ‘பீட்’ என்பது சீராக விழும் தட்டு. பாட்டு ஓடும்போது கால் தானாகத் தட்டுமே, அது. ‘ரிதம்’ என்பது ஒலிகளின் நெடுமையும் குறுமையும் சேர்ந்து உருவாக்கும் வடிவம். ‘மீட்டர்’ என்பது அந்தத் தட்டுகளை இரண்டு, மூன்று, நான்காகக் கட்டும் ஒழுங்கு. பீட்டையும் ரிதத்தையும் ஒன்றாக எழுதுவதுதான் மாணவர்களிடம் நான் அதிகம் காணும் குழப்பம். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தெரிந்த பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டே காலால் சீராகத் தட்டச் சொல்லுங்கள். கையால் ஒவ்வோர் அசைக்கும் தட்டச் சொல்லுங்கள். கால் பீட், கை ரிதம்.

இலக்கணம் படித்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று மாத்திரைக்குத் தொல்காப்பியம் அளவு சொல்கிறது. அரை, ஒன்று, இரண்டு என்ற இதே விகிதம்தான் மேற்கத்தியக் குறியீட்டிலும்.

அங்கே பெயர்கள்தான் பயமுறுத்துகின்றன. செமிபிரீவ் நான்கு எண்ணிக்கை, மினிம் இரண்டு, குரோச்செட் ஒன்று, குவேவர் அரை, செமிகுவேவர் கால். லத்தீனில் மினிம் என்றால் மிகச் சிறியது. செமிபிரீவ் என்றால் ‘குறுகியதில் பாதி’. இன்று பாடப்புத்தகத்தில் அதுவே எல்லாவற்றிலும் நீளமானது! நூற்றாண்டுகளாகச் சிறிய சிறிய சுரங்கள் வந்து சேரச் சேர, பழைய குட்டையர்கள் நெட்டையர்கள் ஆகிவிட்டார்கள். பெயரில் பொருள் தேடாமல் மனத்தில் ஏற்றிக்கொள்வதே நல்லது.

இன்னொரு சிக்கல், இணையக் காணொளிகள். அவற்றுள் பல அமெரிக்கப் பெயர்களைச் சொல்கின்றன: ஹோல் நோட், ஹாஃப் நோட், குவார்ட்டர் நோட், எய்த் நோட். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் பெயர்கள்தான் வழக்கம். குவார்ட்டர் நோட்டும் குரோச்செட்டும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டு தனித்தனிப் பட்டியல்களை உருப்போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜோகூருக்கு அப்பால் உள்ள உறவுக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தால், அவர்கள் மலாயில் ‘கிரோசெட்’, ‘செமிபிரிஃப்’ என்பார்கள். அது பிரிட்டிஷ் பெயரின் மலாய் உருவம்தான்.

பாட்டின் தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும். அது ‘டைம் சிக்னேச்சர்’. மேல் எண் ஒரு ‘பார்’ என்னும் கட்டத்துக்குள் எத்தனை என்பதைச் சொல்லும். கீழ் எண் எந்த வகைச் சுர நீளத்தை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லும். 4 என்றால் குரோச்செட், 8 என்றால் குவேவர். 4/4 என்பதை ஆதி தாளத்தில் பாதி என்று நினைத்தால் எண்ணிக்கை பொருந்தும். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு என எட்டு. ஆனால் 4/4ல் முதல் தட்டு கனமாக விழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆதி தாளத்தில் கை காட்டும் இடத்திலெல்லாம் பாட்டில் அழுத்தம் விழ வேண்டிய கட்டாயமில்லை.

மாணவர்களை அதிகம் தடுமாறவைப்பது 3/4ம் 6/8ம். இரண்டிலும் ஒரு கட்டத்துக்குள் ஆறு குவேவர்கள் அடங்கும். 3/4ல் அவை இரண்டிரண்டாக மூன்று கூட்டம். 6/8ல் மும்மூன்றாக இரண்டு கூட்டம். ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் 6/8. திஸ்ர நடை பழகிய பிள்ளைக்கு இது மூச்சுவிடுவதுபோல் வரும். ஏழு எண்ணிக்கை வந்தால் மிஸ்ர சாபு போல மூன்றும் நான்குமாகவும், ஐந்து வந்தால் கண்ட சாபு போல இரண்டும் மூன்றுமாகவும் பிரித்துக் கேட்கலாம். மற்ற பிள்ளைகள் 7/8ஐக் கண்டு மிரளும்போது மிருதங்க வகுப்புப் பிள்ளை சிரிப்பது நியாயம்தான்.

பிறந்தநாள் பாட்டு முதல் தட்டில் தொடங்குவதில்லை. மூன்று எண்ணிக்கையில் மூன்றாவதில் தொடங்கி, மூன்றாம் அசை வரும்போதுதான் முதல் தட்டு விழுகிறது. இப்படி முன்கூட்டி வரும் சுரங்கள் ‘அனகுரூசிஸ்’. நமக்கு அதீத எடுப்பு.

இரண்டாம் காலம் டெம்போ மாற்றம் அல்ல

‘டெம்போ’ என்பது பீட்டின் வேகம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று எண்ணால் சொல்லலாம். 60 என்றால் நொடிக்கு ஒன்று. அந்தக் கணக்கைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமுக்கு யோஹான் மெல்ட்சல் 1815ல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பிருந்தே புழங்கிய இத்தாலியச் சொற்கள் இன்றும் நிற்கின்றன. மெதுவிலிருந்து வேகத்துக்கு: லார்கோ, அடாஜியோ, அன்டான்டே, மொடெராட்டோ, அலெக்ரோ, பிரெஸ்டோ. அன்டான்டே என்பது நடை வேகம். அலெக்ரோ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் மகிழ்ச்சி. போகப்போக வேகம் கூடினால் ‘அக்செலராண்டோ’, குறைந்தால் ‘ரிட்டார்டாண்டோ’ அல்லது ‘ரல்லென்டாண்டோ’.

சரளி வரிசையை இரண்டாம் காலத்தில் பாடும்போது என்ன நடக்கிறது? கை போடும் தாளம் அதே வேகத்தில்தான் போகிறது. ஒரு தட்டுக்கு ஒரு சுரம் பாடிய இடத்தில் இரண்டு சுரம் பாடுகிறோம். மூன்றாம் காலத்தில் நான்கு. பீட் மாறவில்லை, ஆகவே டெம்போ மாறவில்லை. குரோச்செட் குவேவராகவும் பிறகு செமிகுவேவராகவும் ஆயிற்று, அவ்வளவே. கேட்டல் தேர்வில் ‘சுரங்கள் பொடிப்பொடியாக வருகின்றன’ என்பதைப் ‘டெம்போ கூடியது’ என்று எழுதும் தவறுக்குக் காரணம் காலம் என்ற சொல்லை வேகம் என்று புரிந்துகொள்வதுதான். விடை எழுதுமுன் காலால் தட்டிப் பாருங்கள். கால் வேகமானால்தான் டெம்போ.

‘உச்சத்தில்’ என்றால் எது?

வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்க ‘வால்யூம் ரொம்ப ஹை’ என்கிறோம். இசைப் பாடத்தில் ‘ஹை’ என்றால் பிட்ச் மேலே. ‘லவுட்’ என்றால் ஒலி அளவு கூடுதல். இரண்டும் வேறு. மேல் ஸ்தாயியில் மெல்லப் பாடலாம், கீழ் ஸ்தாயியில் உரக்கப் பாடலாம். ஒலி அளவைக் குறிக்கும் சொல் ‘டைனமிக்ஸ்’. பியானோ என்றால் மென்மை, ஃபோர்ட்டே என்றால் உரப்பு, நடுவில் ‘மெட்ஸோ’ சேர்த்துக்கொள்ளலாம். மெல்ல மெல்லக் கூடினால் கிரெஷெண்டோ, குறைந்தால் டிமினுவெண்டோ. பியானோ கருவிக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் கிறிஸ்டோஃபோரி செய்த அந்தக் கருவியில், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப மென்மையும் உரப்பும் வந்தன. அதற்கு முந்திய ஹார்ப்சிகார்டில் அது முடியாது.

ஒட்டி இழைத்துப் பாடுவது ‘லெகாட்டோ’, துண்டுதுண்டாகக் கொத்துவது ‘ஸ்டக்காட்டோ’. ஸ்டக்காட்டோவுக்குச் சுரத்தின் தலைக்கு மேலோ கீழோ புள்ளி வரும். பக்கத்தில் புள்ளி வந்தால் பொருள் தலைகீழ். சுரத்தின் நீளம் பாதியளவு கூடும். ஒரு புள்ளி குறைக்கும், இன்னொரு புள்ளி நீட்டும். வளைகோடும் அப்படித்தான்: ஒரே சுரத்தை இணைத்தால் ‘டை’, வேறு வேறு சுரங்களை இணைத்தால் ‘ஸ்லர்’.

டெக்ஸ்ச்சர்

இந்தச் சொல்லுக்குத் தமிழில் நெருக்கமான சொல் தேடினால் ‘இழைவு’ கிடைக்கும். எத்தனை இழை, அவை எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதே கேள்வி. நம் பிள்ளைகள் அதிகம் திணறும் பகுதியும் இதுதான். காரணம் எளிது. கர்நாடக இசை வகுப்பில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

ஓதுவார் ஒருவர் துணைக்கருவி எதுவுமின்றித் தேவாரம் பாடினால் ஒரே இழை, அது ‘மோனோஃபோனி’. பத்துப் பேர் சேர்ந்து அதே மெட்டைப் பாடினாலும் மோனோஃபோனிதான். ஆள் எண்ணிக்கை கணக்கில்லை, மெட்டு எண்ணிக்கைதான் கணக்கு. பாடகர் ஒரு மெட்டைப் பாட, கிட்டாரோ கீபோர்டோ கீழே ‘கார்ட்’ பிடித்துத் தாங்கினால் ‘ஹோமோஃபோனி’. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இந்த வகை. கார்ட் என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. இரண்டு மூன்று மெட்டுகள் தனித்தனியாக, ஆனால் ஒரே நேரத்தில் ஓடினால் ‘பாலிஃபோனி’. சிறுவயதில் அணி பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிப் பாடும் ‘ரவுண்ட்’ இதன் எளிய வடிவம்; பாக்கின் ‘ஃபியூக்’ இதன் சிகரம்.

நான்காவது வகை நமக்கு மிக நெருக்கமானது. கச்சேரியில் வித்வான் கீர்த்தனை பாடும்போது வயலின் அதே மெட்டைத்தான் வாசிக்கிறது. ஆனால் ஒரு கமகம் கூடும், ஓர் இடத்தில் கொஞ்சம் பின்தங்கும், இன்னோர் இடத்தில் வேறு வளைவு எடுக்கும். ஒரே மெட்டு, சற்றே வேறுபட்ட இரண்டு வடிவங்களில், ஒரே நேரத்தில். இது ‘ஹெட்டரோஃபோனி’. சீனாவின் ஜியாங்னான் சிஜூ குழுக்களிலும் கமெலானிலும் இதைக் கேட்கலாம். கச்சேரியைப் பற்றி எழுதும்போது தம்புராவை மறந்துவிடாதீர்கள். விடாமல் ஒலிக்கும் அந்த ஆதார சுருதிக்கு ‘டிரோன்’ என்று பெயர். ‘குரலும் வயலினும் ஹெட்டரோஃபோனி, அடியில் தம்புராவின் டிரோன், மிருதங்கத்தின் தாளத் துணை’ என்று எழுதினால் அது முழுமையான விடை. மாறாக, மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு போன்ற குழுக்கள் வீணைக்கும் குழலுக்கும் தனித்தனிப் பகுதி எழுதி வாசிக்கும்போது, அதே கருவிகளில் ஹோமோஃபோனியோ பாலிஃபோனியோ வரலாம். கருவியைப் பார்த்து முடிவுகட்டாமல் கேட்டு முடிவுகட்ட வேண்டும்.

கருவியும் குரல்வண்ணமும்

ஒரே சுரத்தைக் குழலும் வீணையும் ஒலித்தாலும் எது எது என்று காதுக்குத் தெரிகிறதே, அந்த வண்ணம்தான் ‘டிம்பர்’. ‘இனிமை’ என்று எழுதாமல் கணீர், கரகரப்பு, மூக்கொலி, கூர்மை, ஊதல் என்று நாம் புழங்கும் சொற்களுக்கு ஆங்கில இணைகளைப் பழகிக்கொள்ளலாம்.

கருவி வகைப்பாட்டில் நமக்கு வேலையே இல்லை எனலாம். தமிழ் மரபு கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்கிறது. நாட்டிய சாஸ்திரமும் நான்காகவே பிரிக்கிறது. 1914ல் ஹோர்ன்போஸ்டலும் சாக்ஸும் வெளியிட்ட வகைப்பாடும் நான்கே: மெம்பிரானோஃபோன், ஏரோஃபோன், கார்டோஃபோன், இடியோஃபோன். பின்னாளில்தான் மின்கருவிகளுக்காக எலெக்ட்ரோஃபோன் சேர்ந்தது. தவிலும் கொம்பாங்கும் தோல்; வீணையும் எர்ஹூவும் நரம்பு; கடமும் அங்குலுங்கும் தம் உடலே ஒலிப்பவை. நாதஸ்வரத்தின் சீவாளியும் ஓபோவின் முனையும் இரட்டை நாணல் வகை. இரண்டையும் ‘டபுள் ரீட்’ என்றே எழுதலாம்.

வடிவம் என்னும் ‘ஃபார்ம்’ பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு பகுதிக்கும் ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுங்கள். ஏ-பி ‘பைனரி’, ஏ-பி-ஏ ‘டெர்னரி’, ஏ-பி-ஏ-சி-ஏ ‘ரோண்டோ’. ஒவ்வொரு சரணத்துக்கும் வேறு மெட்டு அமைத்துப் பல்லவிக்குத் திரும்பும் பாடலை ரோண்டோவோடு ஒப்பிடலாம். எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு என்றால் ‘வெர்ஸ்-கோரஸ்’ அமைப்பே பொருத்தம்.

எப்படிப் பழகுவது

அகரவரிசைப் பட்டியலை உருப்போடுவதால் பயன் குறைவு என்பது என் கருத்து. ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடலாம். முதலில் சொல், அடுத்து சொந்த மொழியில் பொருள், மூன்றாவதில் அதை எந்தப் பாட்டில், எந்த நிமிடத்தில் கேட்டோம். மூன்றாம் பத்தி காலியாக இருக்கும் சொல் இன்னும் தெரியாத சொல். இரண்டாம் பத்தியைத் தமிழில் எழுதினாலும் குறையில்லை. ஆசிரியர் திருத்தப்போவது அதையல்ல.

எம்ஆர்டி பயணத்தில் ஒரு பாட்டை ஐந்து முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும். முதலில் பீட்டும் மீட்டரும், அடுத்து டைனமிக்ஸ், அடுத்து டெக்ஸ்ச்சர். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது. இசைத்தட்டுகளும் சுரக்குறிப்பு நூல்களும் வேண்டுமென்றால் நூலகத்தில் தேடலாம். நவம்பர் மாதத்தில் எஸ்பிளனேட்டில் நடக்கும் கலா உற்சவத்துக்குப் போகும் பெற்றோர், கச்சேரி முடிந்து வரும் வழியில் ‘என்ன டெக்ஸ்ச்சர் கேட்டாய்’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

விடை எழுதும்போது கூறு, சொல், சான்று என்ற மூன்றும் ஒரே வரியில் வரட்டும். ‘வேகம் மாறியது’ என்பதற்குப் பதிலாக, ‘டெம்போ: கடைசிப் பகுதியில் அக்செலராண்டோ, மேளம் நுழைந்த பிறகு பீட் படிப்படியாக விரைகிறது’. ‘சோகமாக இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக, ‘மைனர் கீ, அடாஜியோ, செல்லோ கீழ் ஸ்தாயியில் லெகாட்டோவாக இசைக்கிறது’.

கர்நாடகச் சொற்களைப் பள்ளி விடைத்தாளில் எழுதலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கேட்கவைக்கும் பகுதி இந்திய இசையாக இருந்தால் ராகம், தாளம், கமகம், டிரோனுக்குத் தம்புரா என்று தாராளமாக எழுதலாம். அவையே அதற்குரிய சொற்கள். மொசார்ட்டைக் கேட்டுவிட்டுச் ‘சங்கராபரணம்’ என்று எழுதக்கூடாது. அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, தாளில் ‘மேஜர்’ என்று எழுதுங்கள்.